பிடிஎஃப் என்பது புத்தகத்தின் போட்டோ, மின்னூல் அல்ல

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மின்னூல் என்ற பெயரில் நம் தலையில் கட்டப்படும் பல சரக்குகள் மின்னூலே அல்ல. அச்சுக்கு அனுப்பிய ஃபைலை அப்படியே பிடிஎஃப் ஆக்குகிறார்கள். இல்லையென்றால் பழைய புத்தகத்தைப் பிரித்து ஸ்கேன் போடுகிறார்கள். முன்னால் ஒரு வண்ண அட்டையை ஒட்டி, விலையும் வைத்துவிடுகிறார்கள். கேட்டால், 'நாங்களும் டிஜிட்டலுக்கு வந்துட்டோம் சார்' என்கிறார்கள். கல்யாண ஆல்பத்தைக் காட்டிவிட்டு, 'சாப்பாடு ஆச்சு, கை கழுவிக்கோங்க' என்று சொல்வது போல இருக்கிறது.

இதைப் பேச உனக்கு என்ன உரிமை என்று கேட்பவர்களுக்காக ஒரு வரி. 1977ல் நம் திருத்தணியிலேயே ஒரு சின்ன அச்சகத்தில் ஈய எழுத்து பொறுக்கத் தொடங்கியவன் நான். ஆடிக் கிருத்திகை நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும் கோத்த கை இது. பிறகு அரக்கோணம் வழியாகத் தினமும் ரயிலேறிச் சென்னையில் புத்தக அச்சகங்களில் வேலை. கம்பாசிங் போய் டிடிபி வந்தது, பேஜ்மேக்கர் போய் இன்டிசைன் வந்தது. நாற்பது வருடம் எழுத்துகளோடு குடித்தனம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றேன். ஆகவே, புத்தகம் எப்படிக் கட்டப்படுகிறது என்பது எனக்கு ஓரளவு தெரியும். அதை எப்படிக் கெடுக்கலாம் என்பதும் தெரியும்.

முதலில் நம் வயதுக்காரர்களின் கஷ்டத்தைப் பார்ப்போம். அறுபதைத் தாண்டியவர்களில் எத்தனை பேருக்குப் புத்தகத்தின் சின்ன எழுத்து கண்ணாடி போட்டும் பிடிபடுகிறது? கேட்டராக்ட் ஆபரேஷன் முடிந்தவர்கள், சர்க்கரையால் பார்வை மங்கியவர்கள் என்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம். மகனோ மகளோ ஒரு டேப்லெட்டோ போனோ வாங்கிக் கொடுத்து, 'இதுல பெரிசா வெச்சுப் படிங்கப்பா' என்கிறார்கள். நம்பிக்கையோடு ஒரு 'மின்னூல்' வாங்கித் திறக்கிறோம். பக்கம் முழுவதும் தெரிகிறது, எழுத்துதான் எறும்பு போல இருக்கிறது. இரண்டு விரலால் விரித்தால் எழுத்து பெரிதாகிறது, ஆனால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. வலது பக்கம் இழுத்துப் படிக்க வேண்டும், இடது பக்கம் இழுத்து அடுத்த வரிக்கு வர வேண்டும். ஒரு பக்கத்துக்கு முப்பது வரி, முப்பது தடவை இழுப்பு. இரண்டு பக்கத்தில் கை வலித்து மூடி வைத்துவிடுகிறோம். 'அப்பாவுக்கு இன்ட்ரஸ்ட் இல்லை' என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

உண்மையான மின்னூலில் இப்படி நடக்காது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடிந்து திரைக்குள்ளேயே நிற்கும். பத்து பாயின்ட் எழுத்தில் 200 பக்கம் வருகிற நாவல், இருபது பாயின்டில் அறுநூறு பக்கமாகவும் ஆகலாம். அதைப் பற்றி மின்னூலுக்குக் கவலை இல்லை. ஏனென்றால் அதற்குப் 'பக்கம்' என்ற ஒன்றே கிடையாது. இந்த ஒரு வசதிக்காகத்தான் மின்னூல் என்ற பொருளையே கண்டுபிடித்தார்கள். அந்த வசதியை எடுத்துவிட்டு மின்னூல் விற்பது, திரி இல்லாத ஸ்டவ் விற்பதற்குச் சமம்.

உலகம் முழுக்க இதற்கு ஒரு பொது வடிவம் இருக்கிறது. இபப் என்று பெயர். 2007ல் தரப்படுத்தினார்கள். உள்ளே பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. இணையப் பக்கம் எப்படி எழுதப்படுகிறதோ அதே முறையில் அத்தியாயங்களை எழுதி, படங்களையும் சேர்த்து, ஒரே பொட்டலமாகக் கட்டி வைத்திருப்பதுதான் இபப். அதற்குத் தெரிய வேண்டியவை சில விஷயங்கள்தான். இது தலைப்பு, இது பத்தி, இது செய்யுள், இது மேற்கோள், இது அடிக்குறிப்பு. இவ்வளவு சொல்லிக் கொடுத்தால், எந்தத் திரையிலும் எந்த அளவிலும் அது தன்னை அடுக்கிக்கொள்ளும். கிண்டில் கருவியிலும் 2016 டிசம்பரிலேயே தமிழ் வந்துவிட்டது. ஆகவே 'தமிழுக்கு வசதி இல்லை சார்' என்ற சாக்கு காலாவதியாகிப் பல வருடம் ஆகிறது.

பிரச்சினை கருவியில் இல்லை. நம் அச்சக ஃபைல்களில் இருக்கிறது.

டிடிபி வந்த காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குத் தமிழ் எழுத்துருக்களைச் செய்தது. ஆங்கில எழுத்து உட்கார வேண்டிய இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்தார்கள். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால், திரையில் அம்மா தெரிவாள். கணினியின் வயிற்றுக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். அந்த எழுத்துரு இல்லாத இடத்துக்குக் கொண்டுபோனால் அம்மா காணாமல் போய் இந்த ஐந்து குறிகள் மட்டும் நிற்கும். காகிதத்துக்கு இது போதும், மை உருவத்தை மட்டும்தான் பார்க்கும். மின்னூலுக்குப் போதாது. அதற்கு எழுத்தின் உருவத்தோடு எழுத்தே வேண்டும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. டாப், டாம் என்று தரங்களை வகுத்தார்கள். பிறகு யூனிகோட் வந்து உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை என்றாயிற்று. 2010ல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. அதற்குப் பிறகும் பல அச்சகங்களில் பழைய எழுத்துரு ஓடிக்கொண்டே இருக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வெளிவந்தது 2001ல். அதற்கு யூனிகோட் என்றால் என்னவென்றே தெரியாது. அதைப் போட்டு இன்றைக்கும் புத்தகம் கட்டுகிறார்கள், 'பழகின கை, மாத்த முடியாது' என்று. நம் பக்கத்து ஊர்த் தெலுங்கு அச்சகங்களிலும் அனு எழுத்துருவை வைத்துக்கொண்டு இதே கூத்துதான். எல்லை தாண்டியும் நோய் ஒன்றே.

'கன்வெர்ட்டர் இருக்கே, ஒரு பட்டனைத் தட்டினால் யூனிகோடுக்கு மாறிவிடுமே' என்பார்கள். மாறும். எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

'ஔவை' என்று எழுத வேண்டிய இடத்தில், ஒ போட்டுப் பக்கத்தில் ள போட்டு 'ஒளவை' என்று அடித்திருப்பார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கன்வெர்ட்டர் அதை ஒ, ள, வை என்றே மாற்றிவிடும். வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் 'ஒளவை' என்று ளகரத்தை அழுத்திச் சொல்லும். புத்தகத்துக்குள் ஔவையைத் தேடினால் கிழவி அகப்படமாட்டாள். அதே மாதிரி 'அவர்' என்பதில் ரகரத்துக்குப் பதில் துணைக்காலைப் போட்டு, மேலே புள்ளி வைத்து 'அவா்' என்று அடிப்பது பழைய தட்டச்சுப் பழக்கம். காகிதத்தில் எவருக்கும் தெரியாது. மின்னூலில் அது சொல்லே அல்ல. சில திரைகளில் கால் தனியாக, புள்ளி தனியாக, நடுவில் ஒரு வட்டத்தோடு பல்லை இளிக்கும்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஓலைச்சுவடி காலத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். காலும் ரகரமும் ஒரே கோடுதான். எகர ஏகார வித்தியாசமும் கிடையாது. எது கால், எது ரகரம் என்று தெரியாமல் பழைய பதிப்பாசிரியர்கள் திண்டாடினார்கள். அச்சு வந்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைத்தது. நாம் கணினியை வைத்துக்கொண்டு அதே குழப்பத்தை மறுபடி விலைக்கு வாங்கியிருக்கிறோம்.

எழுத்துக்கு அடுத்தது லேஅவுட். ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டி வைத்திருப்பார்கள். காகிதத்தில் வரி அங்கேதான் முடியும், சரி. போன் திரையில் அது பாதி வரியில் சட்டென்று அறுந்து விழும். பத்தித் தொடக்கத்துக்கு ஐந்து ஸ்பேஸ் தட்டியிருப்பார்கள். அடுத்த அத்தியாயம் புதுப் பக்கத்தில் வர வேண்டுமென்று இருபது காலி என்டர் போட்டிருப்பார்கள். வரிக் கடைசியில் 'வந்தி' என்றும் அடுத்த வரியில் 'ருந்தான்' என்றும் கையால் பிரித்த சொல், மின்னூலில் 'வந்தி ருந்தான்' என்று இரண்டு துண்டாக நிற்கும். பக்கத்தின் மேலே ஓடும் நூல் பெயரும் பக்க எண்ணும் கதைக்கு நடுவே புகுந்துகொள்ளும். கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போது நடுவில் '147' என்று வந்தால் நமக்கு அழுகை வருமா, சிரிப்பு வருமா?

அத்தியாயத்தின் முதல் எழுத்தைப் பெரிதாகப் போடும் அலங்காரம் இன்னொன்று. 'கொற்கை' என்று தொடங்கும் அத்தியாயம். பழைய எழுத்துருவில் கொம்புதான் முதல் குறி. மின்னூலில் ஒற்றைக் கொம்பு மட்டும் யானை உயரத்துக்கு நிற்கும், மிச்ச எழுத்துகள் பக்கத்தில் குட்டியாக ஒண்டிக்கொள்ளும். 'இதெல்லாம் சின்ன விஷயம்' என்பவர்கள், முந்நூறு பக்கம் இப்படிப் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இதை நம் ஊர் நூலை வைத்தே விளக்குகிறேன். திருப்புகழ். மாவட்ட முன்சீப்பாக இருந்த வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை, ஊர் ஊராக ஏடு தேடி அலைந்து 1894ல் முதல் பாகத்தையும் 1901ல் இரண்டாம் பாகத்தையும் அச்சில் கொண்டுவந்தார். அவருடைய மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை அதற்கு உரை கண்டார். 'தணிகைமணி' என்று நம் ஊர்ப் பெயரையே பட்டமாகச் சுமந்தவர் அவர். டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவில் 365 படியிலும் நின்று நாம் திருப்புகழ் பாடுகிறோமே, அந்தப் பாட்டுகள் நம் கைக்குக் கிடைத்ததில் அப்பனுக்கும் பிள்ளைக்கும் பெரிய பங்கு உண்டு.

அப்படிப்பட்ட நூலை மின்னூலாக்குவது என்றால் என்ன செய்ய வேண்டும்? சந்தப் பாட்டில் வரி எங்கே உடைகிறது என்பது முக்கியம், அதை மாற்றக் கூடாது. நீண்ட அடி சின்னத் திரையில் மடியும்போது, மடிந்த பகுதி சற்று உள்தள்ளி நிற்க வேண்டும். அப்போதுதான் அது அடுத்த அடி அல்ல, இதே அடியின் மிச்சம் என்று பாடுபவருக்குத் தெரியும். அடிக்குறிப்பு பக்கத்தின் அடியில் இருக்க முடியாது, பக்கமே இல்லையே. எண்ணைத் தொட்டால் குறிப்பு திறக்க வேண்டும், மறுபடி தொட்டால் பாட்டுக்குத் திரும்ப வேண்டும். '212ஆம் பக்கம் காண்க' என்பதற்கு அர்த்தம் கிடையாது, பாட்டு எண்ணைக் கொடுக்க வேண்டும். ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட பாட்டுகளில் 'தணிகை' எங்கெல்லாம் வருகிறது என்று தேடினால் ஒரு நொடியில் வரிசையாக வந்து நிற்க வேண்டும். ஸ்கேன் போட்ட பிடிஎஃப்பில் தணிகையைத் தேடிப் பாருங்கள். 'எதுவும் கிடைக்கவில்லை' என்று பதில் வரும். மலை மேலே கோயில் இருக்கிறது, ஏறப் படி இல்லை என்கிற கதை.

பெரியவர்கள் காட்டிய வழி என்ன? 1887ல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். அதே ஆண்டில் சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையைக் கொண்டுவந்தார். இவர்கள் யாரும் ஓலையை அப்படியே படம் பிடித்து அச்சிட்டுவிட்டு 'வேலை முடிந்தது' என்று சொல்லவில்லை. புள்ளி வைத்தார்கள், குறில் நெடில் பிரித்தார்கள், மூலம் எது உரை எது என்று பிரித்தார்கள், பாட்டுக்கு எண் கொடுத்தார்கள், பாடபேதம் குறித்தார்கள். ஓலையிலிருந்து காகிதத்துக்கு வந்தது ஒரு புதிய பதிப்பு. காகிதத்திலிருந்து திரைக்கு வருவதும் அதே போல ஒரு புதிய பதிப்புதான். பதிப்பு என்றால் அதற்கு ஒரு பதிப்பாசிரியர் வேண்டும், மெய்ப்புப் பார்ப்பவர் வேண்டும். எக்ஸ்போர்ட் பட்டன் பதிப்பாசிரியர் ஆகாது.

என்னுடைய வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களையும் பார்த்துவிடுவோம்.

'ஸ்கேன் செய்வதே பெரிய சேவை, அதைப் போய்க் குறை சொல்கிறீர்களே' என்பது முதலாவது. ஸ்கேனை நான் குறை சொல்லவில்லை. 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது என்ன போயிற்று என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஈழத் தமிழர்கள் 2005ல் தொடங்கிய நூலகம் திட்டமும், சென்னையில் ரோஜா முத்தையா நூலகமும், தமிழ் இணையக் கல்விக்கழகமும் பழைய நூல்களைப் படமெடுத்துக் காப்பாற்றுவது கும்பிடத்தக்க காரியம். அசல் பதிப்பு எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி. ஆனால் சாட்சி வேறு, வாசிப்பு வேறு. அவர்கள் அதைப் பாதுகாப்பு என்று சொல்லித்தான் செய்கிறார்கள். படத்தை எடுத்து 'மின்னூல்' என்று விலை போட்டு விற்பவர்களோடுதான் என் சண்டை.

'செலவு தாங்காது' என்பது இரண்டாவது. தொழில் செய்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். 200 பக்க நாவலை முதலிலேயே ஒழுங்காக யூனிகோடில் அடித்து, தலைப்புக்கும் பத்திக்கும் ஸ்டைல் போட்டுக் கட்டினால், மின்னூலுக்குக் கூடுதலாக ஒரு நாள் வேலை, அவ்வளவுதான். ஒழுங்கில்லாமல் கட்டிவிட்டுப் பிறகு உட்கார்ந்து சுத்தம் செய்தால் இரண்டு வாரம் போகும். செலவு மின்னூலால் வருவதில்லை, முதல் நாள் காட்டிய அலட்சியத்தால் வருகிறது.

'டெக்ஸ்டாகக் கொடுத்தால் திருடிவிடுவார்கள்' என்பது மூன்றாவது. வாட்ஸ்அப்பில் சுற்றும் திருட்டுப் புத்தகங்களைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் பிடிஎஃப்தான். பிடிஎஃப் திருட்டைத் தடுக்கும் என்பது, வாசலுக்குக் கோலம் போட்டால் திருடன் வரமாட்டான் என்பது போல. காசு கொடுத்து வாங்கிய கிழவனுக்குத்தான் கஷ்டம். திருடியவன் இலவசமாகக் கஷ்டப்படுகிறான்.

'தமிழில் மின்னூல் யார் படிக்கிறார்கள்' என்பது நாலாவது. படிக்க முடியாத பொருளை விற்றுவிட்டு, படிக்க ஆளில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

காசே வாங்காமல் இதைச் செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்புகிறது. அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் என்பவர் 1971ல், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைக் கணினியில் தன் கையால் அடித்து குட்டன்பர்க் திட்டத்தைத் தொடங்கினார். படம் அல்ல, வெறும் எழுத்து. ஐம்பது வருடம் தாண்டியும் அந்த முறையில் ஏற்றிய நூல்கள் எந்தக் கருவியிலும் திறக்கின்றன. நம்மவர்களில், சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்கும் தமிழர்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து ராத்திரி நேரத்தில் இலக்கியங்களைத் தட்டச்சு செய்தார்கள், இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். அன்றைய எழுத்துருவில் தொடங்கி, டிஸ்கி தரத்துக்கு மாறி, பிறகு யூனிகோடுக்கு மாறி, இன்று போனில் படிக்க முடிகிறது. எழுத்தாக இருந்ததால்தான் ஒரு கூட்டிலிருந்து இன்னொரு கூட்டுக்கு அது பறக்க முடிந்தது. படமாக இருந்திருந்தால் செத்த பட்டாம்பூச்சி போல அட்டையில் குத்தியபடியே இருந்திருக்கும்.

தமிழ் விக்கிமூலத்தைப் போய்ப் பாருங்கள். பக்கத்தின் படம் ஒரு புறம், எழுத்து மறு புறம். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இரண்டாமவரும் சரிபார்த்தது பச்சை. இதைவிட நேர்மையான முறை எதுவும் இல்லை. அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் பல அங்கே ஒவ்வொரு பக்கமாகப் பச்சையாகி வருகின்றன. நாட்டுடைமை ஆனாலும் படமாக மட்டுமே கிடக்கும் நூலைப் பாதி நாட்டுடைமை என்றுதான் சொல்வேன். பூட்டைத் திறந்தாயிற்று, கதவை இன்னும் யாரும் தள்ளவில்லை. 2013 முதல் இயங்கும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்துக்காரர்கள் இபப், கிண்டில், ஆறு அங்குலத் திரைக்கான பிடிஎஃப் என்று ஒவ்வொரு நூலையும் தனித்தனி வடிவில் இலவசமாகத் தருகிறார்கள். வேலைக்குப் போய் வந்து மிச்ச நேரத்தில் செய்கிற பிள்ளைகளால் முடிகிற காரியம், ஜனவரி புத்தகக் கண்காட்சியில் பெரிய ஸ்டால் போடுகிறவர்களால் முடியாதா?

பழைய நூல்களை எழுத்துணரி கொண்டு எழுத்தாக்கும் மென்பொருள்களும் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற 13 எழுத்துகளுக்குப் பழைய உருவம். மென்பொருள் அங்கே தடுமாறும். அந்த உருவங்களைப் பள்ளிக்கூடத்தில் கையால் எழுதிப் பழகிய தலைமுறை நாம்தான். மெய்ப்புப் பார்க்க நம்மை விட்டால் வேறு யார்? பதிப்பாளர்கள் ஓய்வு பெற்ற தமிழாசிரியர்களைக் கூப்பிடட்டும். கூலி கொடுத்துக் கூப்பிடட்டும், கும்பிடு மட்டும் போதாது.

இளம் டிடிபி பிள்ளைகளுக்குச் சில வார்த்தை. என் உறவுக்காரப் பையன் ஒருவன் இந்த வேலை செய்கிறான். 'மாமா, கட்டி முடிச்சுட்டு எக்ஸ்போர்ட் குடுத்தா ஆச்சு, எதுக்கு இவ்ளோ டென்ஷன்' என்றான். அவனை உட்கார வைத்துச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். முதல் நாளே யூனிகோடில் அடி. தலைப்பைக் கையால் பெரிதாக்காதே, 'தலைப்பு' என்று ஸ்டைல் கொடு. பொருளடக்கம் அதிலிருந்து தானாகவே வரும். பத்தி நடுவில் என்டர் தட்டாதே. இடம் விட ஸ்பேஸ் தட்டாதே, உள்தள்ளலை ஸ்டைலில் வை. அடிக்குறிப்பை மென்பொருளின் அடிக்குறிப்பு வசதியில் போடு, பக்கத்தின் கீழே தனிப் பெட்டி கட்டி ஒட்டாதே. படத்தை எந்தப் பத்தியைச் சேர்ந்ததோ அதோடு கட்டிப் போடு. எழுத்தைப் படமாக மாற்றாதே. கடைசி மெய்ப்பில் வந்த திருத்தத்தை அதே ஃபைலில் போடு. அச்சும் மின்னூலும் அந்த ஒரே தாய் ஃபைலிலிருந்து பிறக்கட்டும். முடித்த பிறகு மின்னூலை ஒரு போனில் திறந்து, எழுத்தை ஐந்து மடங்கு பெரிதாக்கி, முதலிலிருந்து கடைசி வரை ஒருவர் படிக்கட்டும். கேலி ப்ரூஃப் பார்க்காமல் பாரம் ஏற்றமாட்டோம் அந்தக் காலத்தில். மின்னூலுக்கும் அதே ஒழுக்கம் வேண்டும்.

நமக்காவது கண் மங்கல். கண்ணே தெரியாதவர்கள் இருக்கிறார்கள். எழுத்தாக இருக்கும் மின்னூலை மென்பொருள் அவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டும். ஸ்கேன் படத்தைத் திறந்தால் அது ஊமையாகிவிடும். பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைப்பதற்காக 2013ல் மராக்கேஷ் உடன்படிக்கை உருவானது. அதை உலகத்திலேயே முதலாவதாக 2014ல் ஏற்ற நாடு நம் இந்தியா. ஏற்பதில் முதல், புத்தகம் கொடுப்பதில் எத்தனையாவது என்று நம் பதிப்பாளர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

நாம் செய்யக் கூடியது ஒன்று உண்டு. இனி எந்த மின்னூலையும் காசு கொடுத்து வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடிகிறதா? ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்கிறதா? வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் படிக்கிறதா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் தாராளமாக வாங்குங்கள், அதைச் செய்தவர்களுக்கு நன்றி சொல்லி இரண்டு வரி எழுதுங்கள். 'இல்லை' என்றால் காசைப் பையில் வைத்துக்கொண்டு, ஏன் வாங்கவில்லை என்று அவர்களுக்கே எழுதிப் போடுங்கள். நாம் பத்து பேர் எழுதினால் தூக்கிப் போடுவார்கள். ஊருக்கு நூறு பேர் எழுதினால் டிடிபி மேஜை வரைக்கும் அந்தச் சத்தம் கேட்கும். போஸ்ட் கார்டு காலத்தில் பத்திரிகை ஆசிரியர்களையே நடுங்க வைத்தவர்கள் நாம். எழுதுங்கள்.